ஆச்சியோட பைபிளுக்கு பைண்டிங் – அவென்யூ ரோடு பாய் கடை

பழைய பைபிள், பழைய பாட்டுப்புக்கு, தாத்தா பாட்டி எழுதி வச்ச நோட்டு இதெல்லாம் பிரிஞ்சு தொங்குது, பெங்களூர்ல எங்க குடுத்து சரி பண்றதுன்னு தேடறவங்களுக்காக எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க, ஏன்னா நான் குடுத்தது எங்க ஆச்சியோட பைபிள், ஆச்சிய விட்டுட்டு பைண்டிங்க மட்டும் எழுத எனக்கு வரல.

முதல்ல கடை எங்கன்னு சொல்லிடறேன். மைசூர் பேங்க் சர்க்கிள்லருந்து மார்க்கெட் பக்கமா அவென்யூ ரோட்ல நடந்தா ரைஸ் மெமோரியல் சர்ச் வரும்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு சந்து, சந்துக்குள்ள ஒரு பழைய பில்டிங்கோட மாடிப்படிக்கு அடியில. போர்டு எதுவும் கிடையாது. பத்திரிகை அடிக்கற கடைல "பைண்டிங் பாய்"னு கேட்டா கை காட்டுவாங்க. சிக்பேட் மெட்ரோல இறங்கி நடந்துடுங்க, வண்டி எடுத்துட்டுப் போனா நிறுத்த இடம் தேடியே பொழுது போயிடும். ஞாயிறு லீவு, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போயிடுவாரு, மூணு மணிக்கு மேலதான் திரும்பத் திறப்பாரு.

எங்க ஆச்சிக்கு ஊரு மெஞ்ஞானபுரம். 1961-ல கல்யாணமாகி தாத்தாவோட பெங்களூர் வந்தா, தாத்தாவுக்கு டெலிபோன் செய்யற ஐடிஐ ஃபேக்டரில வேலை, தூரவாணி நகர்ல குவார்ட்டர்ஸ். வந்தப்ப கன்னடமும் தெரியாது, இந்தியும் தெரியாது, ஒரு டிரங்குப் பெட்டி, அதுல நாலு சேலை, அவ அப்பா கல்யாணத்துக்குக் குடுத்த இந்த பைபிள். அதோட ஆரம்பிச்ச வாழ்க்கைல மூணு பிள்ளைகளை வளத்து, அப்புறம் அம்மா வேலைக்குப் போனதால என்னையும் என் தம்பியையும் வளத்தது ஆச்சிதான். எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்குடுத்தது இந்த பைபிள வச்சுதான், ஸ்கூல்ல எனக்குத் தமிழே கிடையாது, ஆதியாகமம் முதல் அதிகாரத்துல விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டிப் படிச்சிருக்கேன். இப்ப இத தமிழ்ல டைப் பண்றேன்னா அது ஆச்சி போட்ட பிச்சை.

2024 ஃபெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை விடியக்காலைல ஆச்சி கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சுட்டா. 85 வயசு. கல்பள்ளி கல்லறைத் தோட்டத்துல தாத்தாவுக்குப் பக்கத்துலயே வச்சோம்.

அப்புறம் பைபிள எடுத்துப் பாத்தா நிலைமை மோசம். முன் அட்டை தனியா கழண்டு வந்துடுச்சு, முதுகுல இருந்த பசை காஞ்சுபோன வெல்லம் மாதிரி பொடிப்பொடியா உதிருது, ஆதியாகமம் முதல் பத்துப் பன்னெண்டு தாளும் வெளிப்படுத்தின விசேஷம் கடைசித் தாளுங்களும் லூஸ். சங்கீதம்னு பைபிள்ல பாட்டா இருக்கற புக்கு, அந்தப் பக்கம் எல்லாம் மஞ்சள் கறை, சமையல் நடுவுல கைய சேலைல துடைச்சுட்டுப் படிப்பா, மஞ்சள் எங்க முழுசா போகும். நாங்க ஆச்சியோட 80-வது பிறந்தநாளுக்கு எம்ஜி ரோடு பைபிள் சொசைட்டிலருந்து பெரிய எழுத்து பைபிள் வாங்கிக் குடுத்தோம், அத வீட்டுக்கு ஜெபத்துக்கு வர்றவங்களுக்குக் குடுக்க வச்சுக்கிட்டா, அவ பூதக்கண்ணாடி வச்சு பழசத்தான் படிச்சா. கேட்டா தரங்கம்பாடி கதைய ஆரம்பிச்சுடுவா, பைபிள தமிழ்ல அச்சடிச்ச மிஷனரி சீகன்பால்கு ஐயருக்கு ஜெர்மனிலருந்து வந்த எழுத்தச்சு ரொம்பப் பெருசு, பேப்பர் பத்தல, அதனால சின்ன எழுத்தா இங்கயே வார்த்துதான் 1715-ல புதிய ஏற்பாடு முடிச்சாங்க, "சின்ன எழுத்தாலதான் ஏட்டி நமக்கு வேதம் வந்துச்சு"ன்னு.

நாங்க முதல்ல குடுக்கப் போனது வேற இடம், வீட்டுப் பக்கம், ஸ்பைரல் பைண்டிங் ப்ராஜெக்ட் பைண்டிங் பண்ற கடை. பேர் வேண்டாம். அவங்க பாத்த உடனே சைடுல குத்தித் தைச்சு, மூணு பக்கமும் கட்டிங் போட்டு, ரெக்ஸின் அட்டை, 350 ரூபா, நாளைக்கு வாங்கன்னாங்க. அம்மா சரின்னு நீட்டிட்டாங்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பல, இன்னொரு நாள் வர்றோம்னு வாங்கிட்டு வந்துட்டேன். அன்னைக்கு அங்க விட்டுட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது. ஏன்னு சொல்றேன்.

2025 ஜனவரில எங்க ஆபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தங்க, அவங்க அத்தையோட குரானை பாய்கிட்டதான் பைண்ட் பண்ணினாங்கன்னு சொன்னாங்க. சனிக்கிழமை போனேன். ஆறடிக்கு எட்டடி இருக்கும் அந்த இடம், ஒரு மர பிரஸ், தைக்கற சட்டம், பசை சட்டி, மேல வரைக்கும் கோர்ட் ரெக்கார்டு, கணக்குப் புக்கு, குரான், டிக்‌ஷனரின்னு அடுக்கியிருக்கு. எழுபது வயசு இருக்கும் அவருக்கு. பெங்களூர்த் தமிழ் நல்லா பேசறாரு. பைபிள நான் மேஜைல வைக்கப் போனேன், இருங்கன்னு சொல்லிட்டு கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து, ஒரு சுத்தமான துணிய விரிச்சு அது மேல வாங்கி வச்சாரு. எனக்கு அங்கயே பாதி நிம்மதி.

பாத்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் படிச்சது பேட்டா?" ஆச்சி, போயிட்டாங்கன்னேன். தலைய ஆட்டிட்டு ஒவ்வொரு பக்கமா புரட்ட ஆரம்பிச்சாரு, கிட்டத்தட்ட அரை மணி நேரம், அதுவரைக்கும் ரேட் பேசவே இல்ல.

ஆச்சி வருஷா வருஷம் பைபிள முழுசா முடிப்பா. தினம் மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சு. மொத்தம் 1189 அதிகாரம், இந்தக் கணக்குல போனா டிசம்பர் கடைசில சரியா முடியும். முடிச்ச தேதிய வெளிப்படுத்தின விசேஷத்தோட கடைசிப் பக்கத்துல எழுதுவா, 1962-லருந்து 2023 வரைக்கும் 62 தேதி இருக்கு, இடம் பத்தாம பின் அட்டை வரைக்கும் போயிருக்கு. இது எங்க எல்லாருக்கும் தெரியும். ஓரத்துல பென்சில்ல ஜெபக்குறிப்பு எழுதுவான்னும் தெரியும், யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை, யாருக்கு வரன் பாக்கறாங்க, எல்லாம் பேரு பேரா. பென்சில்னா ஜெபம், பேனான்னா பிறப்பும் இறப்பும், அதுதான் ஆச்சி கணக்கு.

எங்களுக்குத் தெரியாதத பாய்தான் காட்டினாரு. 2 சாமுவேல்ல ஒரு பக்கத்த நிறுத்தி, லைட்ட கிட்ட இழுத்து, "இங்க பாரு, இது பேனா எழுத்து, ஓரத்தோட ஓரமா இருக்கு"ன்னாரு. 12-வது அதிகாரம். பக்கத்தோட வெளி ஓரத்துல, நெட்டுக்குத்தா, எறும்பு ஊர்ற மாதிரி சின்ன எழுத்து, பேனா மை பழுப்பாகிப் போயிருக்கு. ஒரு பையன் பேரு, 1966-ல ஒரு தேதி, 1969-ல ஒரு தேதி.

அந்தப் பேர நாங்க யாருமே கேள்விப்பட்டது இல்ல.

அங்கயே நின்னு அம்மாவுக்குப் போன் பண்ணினேன், அம்மா பிறந்தது 1971, அவங்களுக்கும் தெரியல. சாயங்காலம் பெரியம்மாவுக்குப் பண்ணினோம், அவங்க ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, ஆமா, உனக்கு முன்னாடி ஒரு தம்பி இருந்தான், மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டான், எனக்கு அப்ப ஆறு வயசு, அம்மா அதப்பத்திப் பேசவே மாட்டா, நாங்களும் கேக்க மாட்டோம்னாங்க. அப்புறம்தான் நான் கடைசிப் பக்கத்துத் தேதிகள மறுபடியும் பாத்தேன். 1969-க்கு தேதியே இல்ல. 1970-ல ரெண்டு இருக்கு, ஒண்ணு ஜூன், ஒண்ணு டிசம்பர். அந்த வருஷம் ஆச்சியால படிக்க முடியல, ஆனா விட்டதுலருந்து எடுத்து முடிச்சிருக்கா.

பைபிள் படிக்கறவங்களுக்கு அந்த அதிகாரம் தெரிஞ்சிருக்கும். தாவீது ராஜாவோட குழந்தை செத்துப்போகுது, அதுவரைக்கும் தரைல கிடந்து அழுதவன் எந்திரிச்சு முகம் கழுவி சாப்பிடறான், ஏன்னு கேட்டா அவன் இனிமே என்கிட்ட வரமாட்டான், நான்தான் அவன்கிட்ட போவேன்னு சொல்றான். ஆச்சி அந்த வசனத்துக்கு நேரா எழுதியிருந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி நாள் அம்மா அழுதப்ப, "எதுக்குட்டி அழுத, எனக்கு அங்க போய்ப் பாக்க வேண்டிய ஆளு இருக்கு"ன்னு சொன்னா, தாத்தாவத்தான் சொல்றான்னு நெனச்சோம். அம்பத்தஞ்சு வருஷம் மனசுல வச்சுக்கிட்டு, ஒரு நாள் கூட எங்க மேல அந்தத் துக்கத்த இறக்காம, எங்களுக்கெல்லாம் சோறு போட்டு முந்திரிக்கொத்து செஞ்சு குடுத்து தலைல கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்பிட்டு, உள்ளுக்குள்ள அந்த நம்பிக்கையோடயே இருந்திருக்கா. நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னு பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினத அடக்க ஆராதனைல எத்தன தடவ கேட்டிருக்கேன், அது எப்படி இருக்கும்னு எங்க வீட்டு அடுப்படியில நடந்துட்டு இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல.

இப்ப பைண்டிங்குக்கு வர்றேன். அந்த எழுத்து பேப்பர் ஓரத்துலருந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் உள்ள இருக்கு. மிஷின்ல கட்டிங் போட்டா அந்த ஓரம் போயிடும். அந்தப் பேரு சீவல் சீவலா குப்பைக் கூடைக்குப் போயிருக்கும், அப்படி ஒரு பேரு இருந்ததே எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாமப் போயிருக்கும். பாய் சொன்னது, "வேதப் புக்க கட்டர்ல வைக்கக் கூடாது பேட்டா, அதுவும் கை எழுத்து இருக்கறத. ஓரம் முன்னப்பின்ன இருந்தா இருக்கட்டும்." ஓரத்துல இருந்த அந்த சிவப்புக் கலர் கூட அப்படியே இருக்கு, கட்டிங் போட்டா அதுவும் போயிருக்கும்.

சைடுல குத்தித் தைக்கறதும் தப்புன்னு விளக்கினாரு. பைபிள் பேப்பர் ரொம்ப மெல்லிசு, நாம பிரிண்ட் எடுக்கற பேப்பர்ல பாதி கனம்தான், சைடுல தைச்சா உள் பக்க எழுத்து தையலுக்குள்ள போயிடும், விரிச்சு வச்சா நிக்காது, அழுத்தி விரிச்சா தையல் பக்கமே கிழிஞ்சுடும். இது பழைய முறைப்படி ஃபாரம் ஃபாரமா மடிச்சு, மடிப்புல ஊசி ஏத்தித் தைச்ச புக்கு, அதே மாதிரிதான் திரும்பத் தைக்கணும், அதே பழைய ஓட்டைலயேன்னாரு. பழைய பசைய சுரண்டி எடுக்கவே நாலு நாள் ஆச்சாம், தண்ணி அதிகமா பட்டா பேப்பர் ஊறிடும், அதனால கெட்டியான கஞ்சிப் பசைய முதுகுல மட்டும் தடவி, பழசு இளகினதும் எலும்புக் கத்தியால கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருக்காரு. பேனா எழுத்து இருக்கற பக்கத்துல மட்டும், ஒரு புள்ளில ஈரப் பஞ்ச லேசா ஒத்தி மை கரையுதான்னு பாத்துட்டு, கரையும்னு தெரிஞ்சதும் அந்தப் பக்கமெல்லாம் தொடவே இல்ல. கிழிஞ்ச தாளுங்களுக்கு மெல்லிசு டிஷ்யூ ஒட்டியிருக்காரு, மேல எழுத்து தெளிவாத் தெரியுது. நாங்க ஒட்டி வச்சிருந்த செலோடேப்ப எடுத்த இடத்துல மஞ்சக் கறை நின்னுடுச்சு, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாரு. தயவுசெஞ்சு யாரும் பழைய புக்குல செலோடேப் ஒட்டாதீங்க. பசைக்கு மைதாவும் பூச்சி வராம இருக்க மயில்துத்தமும். மேல கருப்புத் தோல், முதுகுல தங்கக் கலர்ல "பரிசுத்த வேதாகமம்".

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. ஆச்சி பைபிளுக்குள்ள என்னென்னமோ வச்சிருந்தா, எப்பவோ குருத்தோலை ஞாயித்துக்குக் கட்டின ஓலைச் சிலுவை, அடக்க ஆராதனை நோட்டீசுங்க, என் முதல் மார்க் ஷீட் துண்டு, தாத்தா பஸ் டிக்கெட் பின்னாடி எழுதின கணக்கு. நான் எடுக்காமலே குடுத்துட்டேன். பாய் ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ல போட்டு, கவர் மேல பக்க நம்பர் எழுதி, எல்லாத்தையும் ஒரு டப்பால வச்சுத் திருப்பிக் குடுத்தாரு, 23 கவர். எது எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அங்கயே வைங்க, அவங்க காரணமாத்தான் வச்சிருப்பாங்கன்னாரு. அதேமாதிரி ரிப்பனும். பழைய ரிப்பன் நைஞ்சு போச்சு, புதுசு வச்சிருக்காரு, ஆனா பழைய ரிப்பன் எந்தப் பக்கத்துல இருந்துச்சுன்னு குறிச்சு வச்சு புது ரிப்பன அதே பக்கத்துல போட்டுக் குடுத்தாரு. எண்ணாகமம் 7, அதாவது பைபிளோட நாலாவது புக்குல ஏழாவது அதிகாரம்.

அந்த அதிகாரம் படிச்சிருக்கீங்களா தெரியல, 89 வசனம். பன்னெண்டு கோத்திரத் தலைவங்க பன்னெண்டு நாள் காணிக்கை கொண்டு வர்றாங்க, எல்லாரும் கொண்டு வர்றது ஒரே பொருள்தான், 130 சேக்கல்ல (அந்தக் காலத்து எடை அளவு) ஒரு வெள்ளித் தட்டு, 70 சேக்கல்ல ஒரு வெள்ளிக் கிண்ணம், பொன் கரண்டி, அப்படியே ஆடு மாடு. ஆனா சுருக்கி எழுதாம பன்னெண்டு தடவையும் பேரு சொல்லி, முழுசா எழுதியிருக்கும். சின்ன வயசுல குடும்ப ஜெபத்துல இது வந்தா எனக்குத் தூக்கம் வரும், ஒரு தடவ தாண்டிப் படிச்சுட்டேன், ஆச்சி நிறுத்தி, "ஏட்டி, அவன் குடுத்தத ஏன் விடுத? ஒவ்வொருத்தன் பேரும் கர்த்தருக்கு வேணும்"னு திரும்பப் படிக்க வச்சா. அவளும் அப்படித்தான் இருந்தா. உலை வைக்கறப்பல்லாம் ஒரு பிடி அரிசிய எடுத்து தனிப் பானைல போடுவா, பிடி அரிசிக் காணிக்கை, மெஞ்ஞானபுரத்துல அவ அம்மா செஞ்சது, பெங்களூர்ல கியூல நின்னு ரேஷன் அரிசி வாங்கின காலத்துலயும் நிறுத்தல. ஒரு பிடின்னா ஒரு பிடிதான், ஆனா ஒரு நாள் விட்டது இல்ல.

குறைன்னு பாத்தா, ரெண்டு வாரம்னு சொன்னாரு, நாலு வாரத்துக்குப் பக்கத்துல ஆச்சு. போன் எடுக்க மாட்டாரு, நேர்லதான் போகணும், நான் மூணு தடவ அலைஞ்சேன். முதுகுல இருக்கற தங்க எழுத்து கொஞ்சம் இடது பக்கம் தள்ளி விழுந்திருக்கு, உத்துப் பாத்தா தெரியும். பசை வாசனை ஒரு மாசம் இருந்துச்சு. காசு 1,400 ஆச்சு, தோல் வேண்டாம்னா காலிகோ துணில இன்னும் கம்மியா பண்ணுவாராம். கேஷ் எடுத்துட்டுப் போங்க, யுபிஐ அவர் பேரன் இருந்தாத்தான். கேட்டதுக்கு மேல நூறு ரூபா குடுத்தேன், வாங்கல, பேத்திக்கு பியூசி பரீட்சை வருது, உங்க ஆச்சி மாதிரி யாராவது இருந்தா ஜெபம் பண்ணச் சொல்லு, அது போதும்னாரு.

அவசரமா வேணும்னா, காலேஜ் ப்ராஜெக்ட் மாதிரி வேலைன்னா இந்தக் கடை வேண்டாம், அதுக்கு எங்க வேணாலும் போகலாம். ஒரே பிரதிதான் இருக்கு, உள்ள கை எழுத்து இருக்கு, போனா வராதுன்னா கண்ண மூடிட்டு பாய்கிட்ட குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமும் ஒரு தடவ நீங்களே நிதானமா பாத்துடுங்க, பெரியவங்க எங்க என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. எந்தக் கடையா இருந்தாலும் கட்டிங் போடாதீங்கன்னு வாயத் திறந்து சொல்லுங்க.

2025-ல ஃபெப்ரவரி 9 ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க, பெரியம்மா வந்ததும் வராததுமா 2 சாமுவேல எடுத்து அந்த ஓரத்த விரலால தடவிட்டு உக்காந்துட்டாங்க, அப்புறம் தம்பி எப்படி சிரிப்பான், எந்தக் கட்டில்ல தூங்குவான்னு முதல் தடவையா சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் எண்ணாகமம் 7-ஐ நான் வாசிச்சேன், 89 வசனத்தையும் ஒண்ணு விடாம. முடிஞ்சதும் அம்மா ஆச்சியோட பென்சில எடுத்து அந்தப் பக்க ஓரத்துல பாய் பேத்தி பேர எழுதினாங்க.

அதுலருந்து தினம் மூணு, ஞாயிறு அஞ்சு. மார்ச் கடைசில 2 சாமுவேல் 12 வந்துச்சு, அம்மாதான் வாசிச்சாங்க. இப்ப ரிப்பன் 1 நாளாகமம் ஆரம்பத்துல நிக்குது, பக்கம் பக்கமா வெறும் பேருங்க. ஞாயித்துக்கிழமை ஈஸ்டர், விடியக்காலை ஆராதனைக்கு முன்னாடி மெழுகுவத்தி எடுத்துட்டு கல்பள்ளிக்குப் போறோம், பெரியம்மாவும் வர்றாங்க, இந்த பைபிளையும் எடுத்துட்டுப் போறோம்.